துணைவர் கையொப்பம்

ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று பேச்சின் நடுவே தொலைபேசியை வைத்தது நான்தான். லைன் கட்டாகவில்லை. நீ மூன்று முறை திரும்ப அழைத்ததும் தெரியும். உன்னிடம் தொலைபேசியில் எதையும் சொல்லி முடிக்க முடியாது என்பதால் எடுக்கவில்லை. நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து உன் வாக்கியத்தை முடிக்கிறாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. இந்த விஷயம் தீரும்வரை இனி கடிதம்தான்.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுவோம். ஜூன் முப்பதாம் தேதி நீர் வழங்கல் துறையிலிருந்து ஓய்வு பெறுகிறாய். அதற்குள் ஓய்வூதியப் படிவத்தைக் கொடுக்க வேண்டும். அதில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டத்தில் குறியிட்டால் முழு ஓய்வூதியம் கிடைக்கும், ஆனால் அது உன்னோடு நின்றுவிடும். இரண்டாவது கட்டத்தில் குறியிட்டால் மாதாமாதம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், ஆனால் உனக்குப் பிறகு உன் மனைவிக்கு அவள் இருக்கும்வரை பாதி வந்துகொண்டிருக்கும். கொடுத்த பிறகு மாற்ற முடியாது. நீ முதல் கட்டத்தில் குறியிடப் போகிறாய், ஏனென்றால் அந்த ஐந்தில் ஒரு பங்கு இருந்தால்தான் ஏரிக்கரை வீட்டுக்கு மாதத் தவணை கட்ட முடியும். அந்த வீட்டைப் பற்றி உன் மனைவிக்கு இன்னும் ஒரு வார்த்தை தெரியாது. படிவத்தின் அடியில் 'துணைவர் கையொப்பம்' என்று ஓர் இடம் இருக்கிறது. அதை வேறு காகிதங்களோடு சேர்த்து நீட்டி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு" என்று விரலை வைத்துக் காட்டி வாங்கிவிடுவாய். இதெல்லாம் உன் வாயால் சொன்னது. சொல்லும்போது சிரித்தாய்.

நீ சிரித்த இடத்தில்தான் நான் தொலைபேசியை வைத்தேன்.

நீ அனுப்பிய விளம்பரப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். பெஞ்சில் உட்கார்ந்து ஏரியைப் பார்க்கும் தம்பதிக்கு நாற்பது வயதுகூட இருக்காது, தலையில் வெள்ளை பூசி உட்கார வைத்திருக்கிறார்கள். அப்படி நிமிர்ந்து உட்கார அறுபது வயது முதுகுக்கு முடியாது. மருத்துவமனை 'அருகில்' என்று போட்டிருக்கிறது. எத்தனை மைல் என்று போடவில்லை. பதினைந்து வருடத் தவணை. எழுபத்தைந்து வயதில்தான் அந்த வீடு உனக்குச் சொந்தமாகும், அதுவரை ஏரியும் அவர்களுடையது, கரையும் அவர்களுடையது. மீன் பிடிக்கப் போகிறேன் என்கிறாய். புழுவைத் தொடப் பயந்து தோட்டப் பக்கமே போகாதவன் தூண்டிலில் எதைக் கோக்கப் போகிறாய்?

உன் மனைவிக்கு ஐம்பத்திரண்டு வயது. உன்னைவிட எட்டு வயது சின்னவள், உன்னைவிட நன்றாகத் தூங்குகிறவள். அவள் உனக்குப் பின்னால் இருபது வருடமாவது இருப்பாள். அவளுக்கென்று தையல் கடை இருக்கிறது, இரண்டு மிஷின், இத்தனை வருடமாகச் சேர்த்த வாடிக்கைக்காரர்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு ஆளில்லாத ஏரிக்கரையில் அவள் யாருக்குத் தைப்பாள்? உன் மீன்களுக்கா?

இரண்டாவது கட்டத்தில் குறியிடு. வேறு பேச்சு இல்லை.

உன் அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கமும் படித்தேன். ஒரு பக்கத்தில் என்னைத் திட்டியிருக்கிறீர்கள், பின்பக்கத்தில் சிறுநீரகக் கல்லுக்கு என்னென்ன சாப்பிடக் கூடாது என்று அச்சடித்திருக்கிறது. பட்டியல் பாதியில் நிற்கிறது. தக்காளிக்குப் பிறகு என்ன என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. அச்சகத்தில் கழித்துப்போட்ட புரூஃப் தாளில் கடிதம் எழுதுகிற அளவுக்கு என்ன கஷ்டம் உங்களுக்கு? ஒரு நல்ல தாள் வாங்கக் கூடாதா? ஊர் உலகத்தில் உங்களைக் கஞ்சம் என்று சொல்லும்போது நான் பரிந்துபேசிப் பேசி அலுத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்தாறு வருடம் பம்ப் நிலையத்தில் வேலை. எட்டு மோட்டார். வீட்டில் டிவி சத்தம் எவ்வளவு வைத்தாலும் எனக்குப் பத்தவில்லை என்று அவள் கத்துவது எனக்குக் கேட்பதில்லை. நீங்கள் அதையும் ஜோக் என்று நினைப்பீர்கள். எனக்கு ஒரு பத்து வருடமாவது சத்தமில்லாத இடத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. வேறு என்ன கேட்டேன்?

எங்கள் ஸ்டோர்கீப்பரை உங்களுக்குத் தெரியும். மாமாவோடு சீட்டு ஆட வருவாரே, காது நீளமாக. அவர் உங்களைப் போல. எல்லாம் திட்டம். இரண்டாவது கட்டம், இன்சூரன்ஸ், உடம்புக்கு வருடத்துக்கு இரண்டு பரிசோதனை. ஓய்வு பெற்ற பதினோராவது வாரம், தான் உயிரோடு இருக்கிறேன் என்று சான்றிதழ் கொடுக்கப் போய், அந்த வரிசையிலேயே சரிந்துவிட்டார். கையில் நிரப்பின சான்றிதழ். கவுன்டரில் இருந்தவர் அதை வாங்குவதா வேண்டாமா என்று மேலதிகாரியைக் கேட்டாராம். நான் இதை விளையாட்டுக்கு எழுதவில்லை. அவரைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

நான் போன பிறகு என்ன ஆகும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறீர்கள். நான் இருக்கும்போது என்ன என்று ஒரு வரி உண்டா?

அவளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவளுக்குக் கைத்தொழில் இருக்கிறது. நான் நாளைக்கே போனாலும் மிஷின் ஓடும், அவள் சாப்பிடுவாள். ஏரிக்கரையிலும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள், அவர்களும் துணி உடுத்துகிறார்கள். முதலிலேயே சொன்னால் வேண்டாம் என்பாள். நேரில் கூட்டிப்போய்க் கதவைத் திறந்துவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.

உங்களுக்கென்ன, மாமாவின் ஓய்வூதியம் ஒண்ணாம் தேதியானால் வந்து விழுகிறது. அந்தத் தெம்பில் உட்கார்ந்து எனக்குப் புத்தி சொல்கிறீர்கள்.

உங்கள் தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

உன் மாமாவின் ஓய்வூதியம் எனக்கு வரவில்லை. அவர் இறந்த மாதத்தோடு நின்றது. இந்தப் பத்து வருடத்தில் ஒரு பைசா வந்ததில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ என்னைத் தெம்பில் இருப்பதாக எழுதாமல் இருந்திருந்தால் உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டேன்.

பொழுதுபோக்குக்காக அச்சகத்துக்குப் புரூஃப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறேன். எழுபத்தொரு வயதில் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு மற்றவர்களின் சிறுநீரகக் கற்களைத் திருத்துவதில் எனக்கு என்ன பொழுதுபோக்கு? முன்னறையைத் துணைக்காக வாடகைக்கு விட்டிருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன். அந்த மனிதர் பல் செட் செய்கிறவர். உன் மாமா புத்தகம் அடுக்கியிருந்த அலமாரியில் இப்போது பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நிற்கின்றன. காலையில் கதவைத் திறந்தால் முப்பது பேர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். வாடகை சரியாகத் தருகிறார், அதனால் நானும் பதிலுக்குச் சிரிக்கிறேன்.

எப்படி இது நடந்தது என்று கேட்பாய். நீ செய்யப்போகும் அதே வேலையை உன் மாமா செய்தார். ஒரு நாள் காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் மடித்த காகிதங்களை நீட்டினார். "ஒண்ணுமில்ல, ஆபீஸ் பேப்பர், போட்டுக் குடு" என்றார். அடுப்பில் பால். நான் படிக்காமல் போட்டேன். முதல் கட்டம். மூன்றாவது வருடம் அவர் போனார். பதினாறாம் நாள் நான் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோது அங்கே இருந்த பெண் என் முகத்தைப் பார்க்காமலே, "உங்களுக்கு இல்லம்மா" என்றாள். வீட்டுக்கு நடந்தே வந்தேன். பஸ்ஸுக்குக் காசு இல்லாமல் இல்லை. பஸ்ஸில் யாராவது தெரிந்தவர்கள் இருந்தால் பேச வேண்டியிருக்கும்.

கைத்தொழில் இருக்கிறது, சாப்பிடுவாள் என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் படிப்பு இருந்தது. நானும் சாப்பிடுகிறேன். எப்படி என்று இப்போது தெரிந்துகொண்டாய்.

அவள் கையெழுத்தை அந்த மாதிரி வாங்காதே. வாங்கினால் இந்த வீட்டுப் படியேறாதே.

அக்கா


ஏப்ரல் 29

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். பத்து வருடமாக உங்களைக் கஞ்சம் என்று கேலி செய்தவன் நான். விடுப்புப் போட்டுவிட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் போனேன், மாமாவும் எங்கள் துறையில்தானே இருந்தார். சண்டை போடுவதற்காகத்தான் போனேன். ஓய்வூதியப் பிரிவில் இருக்கும் அம்மாவிடம், "இது மோசடி மேடம், படிக்க விடாம கையெழுத்து வாங்கியிருக்கார், எங்க அக்கா மேல தப்பில்ல, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று நின்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. எனக்குத்தான் தெரியாதே, நாலு பேர் எழுந்து வந்தார்கள்.

அந்த அம்மா பொறுமைசாலி. உள்ளே போய் மாமாவின் கோப்பைத் தூசி தட்டி எடுத்து வந்தார். படிவத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து, "யாரு சார் மோசடி பண்ணது? நீங்களே பாருங்க" என்றார்.

பார்த்தேன்.

முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உங்கள் கையெழுத்து, அக்கா. கான்வென்ட்டில் சிஸ்டர்கள் ஸ்கேலால் அடித்துப் பழக்கின அதே நிமிர்ந்த எழுத்து. ஏழு எழுதினால் குறுக்கே ஒரு கோடு போடுவீர்களே, அதுவும் இருக்கிறது, மூன்று இடத்தில். முதல் கட்டத்தில் குறி. பக்கத்தில், 'முழு ஓய்வூதியம், என் ஆயுள்வரை மட்டும்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாமா எழுதினது அவர் கையெழுத்து மட்டும்தான். அடுப்பில் பால் இருக்கும்போது இவ்வளவு அழகாக எழுத முடியுமா?

எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். சோப்பு உறையில் என்ன போட்டிருக்கிறது என்றுகூடப் படிக்காமல் விடாதவர் நீங்கள். மடித்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டீர்களாம், நானும் நம்பினேனாம்.

என்னைப் பயமுறுத்த வேண்டும் என்றால் பேயைக் காட்டியிருக்கலாம். மாமாவை ஏன் இழுத்தீர்கள்? அவர் உயிரோடு இல்லை, மறுத்துப் பேச மாட்டார் என்ற தைரியமா? அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். லிஃப்ட்டுக்காக நிற்கக்கூட வெட்கமாக இருந்தது, ஆறு மாடியும் இறங்கினேன்.

முதல் கட்டத்தில்தான் குறியிடப் போகிறேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.


மே 16

அக்கா,

எழுத வேண்டாம் என்று சொன்னால் உடனே எழுதாமல் இருந்துவிடுவதா? என்றைக்கு நான் சொன்னதைக் கேட்டிருக்கிறீர்கள், இதை மட்டும் கேட்பதற்கு?

தொலைபேசியும் எடுப்பதில்லை. உங்கள் வீட்டுப் பல் செட்டுக்காரரின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். "அம்மா நல்லாத்தான் இருக்காங்க சார். வாக்கிங் போறாங்க, எனக்குக் கரெக்ஷன் சொல்றாங்க. உங்க பேரச் சொன்னா மட்டும் கதவச் சாத்திக்கிறாங்க" என்றார். என்ன கரெக்ஷன் என்று கேட்டேன். அவருடைய ரசீதுப் புத்தகத்தில் பிழைகளாம்.

படிவம் மேஜை டிராயரில் இருக்கிறது. இன்னும் கொடுக்கவில்லை. அதற்காக மனம் மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.

தம்பி


மே 22

தம்பிக்கு,

படிவத்தை எழுதியது நான்தான்.

அவர் முதலில் தானாகவே ஒன்றை நிரப்பி வைத்திருந்தார். இரண்டாவது கட்டத்தில் குறி போட்டுத் தன் கோழிக்கிறுக்கல் எழுத்தில் எழுதியிருந்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்து, "படிச்சுட்டுப் போடு" என்றார். ஆமாம், படிக்கச் சொன்னார். நான் உனக்கு எழுதியது முழுப் பொய். ஏன் இரண்டாவது என்று கேட்டேன். "எனக்கப்புறம் நீ யார்கிட்டயும் போய் நிக்கக் கூடாது" என்றார்.

அந்த வார்த்தைதான் எனக்கு ஆகவில்லை. நான் யாரிடம் போய் நிற்பேன் என்று இந்த மனிதர் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஆத்திரம் வந்தது. பேனாவை எடுத்து இரண்டு பக்கத்துக்குக் கணக்குப் போட்டேன். அவர் குடும்பத்தில் ஆண்கள் ஒருவரும் தொண்ணூறுக்கு முன்னால் போனதில்லை. நம் அம்மா ஐம்பத்தாறில் போனாள், அவள் அக்கா தங்கை இருவரும் அறுபதைத் தொடவில்லை. எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு. முந்தின வருடம்தான் எனக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆகவே நான்தான் முன்னால் போவேன். அப்படியிருக்க மாதாமாதம் ஐந்தில் ஒரு பங்கை எனக்காக விட்டுக்கொடுப்பது வீண். இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு. இருந்தாலும் இருக்கட்டுமே" என்றார்.

"கணக்கு சரின்னா அப்புறம் என்ன இருந்தாலும்?" என்று கேட்டேன்.

அவர் நிரப்பிய படிவத்தை நான் அவர் எதிரிலேயே கிழித்தேன். மறுநாள் அவர் வரிசையில் நின்று புதுப் படிவம் வாங்கிவந்து கொடுத்தார். நான் எழுதினேன். அவர் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன் கையெழுத்து எவ்வளவு அழகா இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது வருடம் நாலு நாள் காய்ச்சலில் போய்விட்டார். கணக்குப் போட்ட தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் எந்த எண்ணும் தப்பில்லை.

இறந்தவர் மறுத்துப் பேச மாட்டார் என்ற தைரியமா என்று கேட்டிருந்தாய். உயிரோடு இருந்தபோதும் அவர் என்னை மறுத்துப் பேசியதில்லை. நான் பேச விட்டதில்லை. இந்தப் பத்து வருடத்தில் இதை ஒருவருக்கு முதன்முதலாகச் சொல்ல வேண்டி வந்தது, சொன்னபோது கை தானாகப் பழியை அவர் தலையில் எழுதிவிட்டது. அதற்கு எனக்குச் சமாதானம் இல்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டியது உன்னிடம் அல்ல.

இப்போது நான் சொல்வதை நடுவில் புகாமல் படி. நீ அவளுக்குத் தெரியாமல் முடிவு செய்யப் பார்க்கிறாய். நான் அவர் கண் முன்னால் உட்கார்ந்து, அவருக்குப் புரிய வைத்து, வாசித்துக் காட்டி முடிவு செய்தேன். வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டு வீட்டிலும் இரண்டு பேர் இருந்தும் ஒருவர்தான் முடிவு செய்தார். ஆகவே இரண்டாவது கட்டத்தில் குறியிடு என்று இனி உனக்கு உத்தரவு போட மாட்டேன். இருக்கும்போது என்ன என்று நீ கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் நாங்கள் இருந்தபோது நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிவத்தையும் அந்த ஏரிக்கரைப் புத்தகத்தையும் அவள் முன்னால் வை. இரண்டு கட்டத்துக்கும் என்ன பொருள் என்று சொல். எனக்கு என்ன வருகிறது, ஏன் வரவில்லை என்றும் சொல், என் மானத்தைப் பார்க்காதே. சொல்லிவிட்டு வீட்டைவிட்டு வெளியே போ. அடுத்த அறையில் நின்று செருமிக்கொண்டிருக்காதே. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வா. அவள் என்ன சொன்னாலும் எனக்கு எழுது.

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று வாரம் ஆகிவிட்டது. உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே ஷிஃப்ட்டுக்குப் போய்வந்தேன். ஒரு தடவை சலவைக்கே போய்விட்டது, கடைசிப் பத்தி மட்டும் தப்பித்தது. போன ஞாயிற்றுக்கிழமைதான் தைரியம் வந்தது.

படிவத்தை எடுத்தேன். உங்களுக்கு ஒன்று அனுப்பி எனக்கு ஒன்று வைத்திருந்தேனே, அந்த ஏரிக்கரைப் புத்தகத்தைத் தேடினால் காணவில்லை. என் பை, அலமாரி, பரண் எல்லாம் துழாவினேன். அவள் மிஷினில் உட்கார்ந்தபடியே, "எதத் தேடுறீங்க? ஏரியவா?" என்றாள். குனிந்து பார்த்தால் மிஷினின் ஆடுகிற காலுக்கு அடியில் நாலாக மடித்துச் செருகியிருக்கிறது. மார்ச் மாதத்திலிருந்து அங்கேதான் இருக்கிறதாம். "நீங்களே சொல்வீங்கன்னு பாத்தேன். சொல்லல. காகிதம் நல்ல கெட்டியா இருந்துச்சு, வச்சுட்டேன்."

அவளை எனக்குத் தெரியும் என்று உங்களுக்கு எழுதினேனே, அது நினைவுக்கு வந்தது.

நம் கடிதங்களில் இருந்த எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கட்டத்தையும் சொன்னேன். உங்கள் விஷயத்தையும் சொன்னேன். அதைக் கேட்டபோது மிஷினை நிறுத்திவிட்டாள். சொல்லிவிட்டு வெளியே போனேன். எங்கே போவது என்று தெரியவில்லை. முப்பத்தாறு வருடமாக வேலைக்குப் போவதைத் தவிர வேறு காரணத்துக்கு நான் தனியாக வெளியே போனதில்லை. தெருமுனைவரை நடந்து, சைக்கிள் ரிப்பேர் கடையில் நின்று, யாரோ ஒருவருடைய டியூபுக்கு ஒட்டுப் போடுவதை முழுசாகப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொன்னாள். "ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க முப்பதாம் தேதி ரிட்டையர் ஆறீங்க. நான் எப்போ?"

நான் சிரித்துவிட்டேன், அக்கா. ஜோக் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அக்கா தம்பி ரெண்டு பேரும் இத்தன கடுதாசி எழுதிக்கிட்டீங்க. அதுல ரெண்டு பேரும் என் மிஷின ஓட்டிக்கிட்டேதான் இருக்கீங்க. அவங்க கணக்குல நான் இங்க தைக்கிறேன், உங்க கணக்குல ஏரிக்கரையில தைக்கிறேன். எனக்குத் தைக்க முடியலன்னு யாராவது கேட்டீங்களா?"

முடியவில்லையாம். இரண்டு வருடமாக. ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை. காலையில் வெயில் ஜன்னலில் விழும் நேரத்தில் பத்துப் பதினைந்து ஊசியில் நூலைக் கோத்து ஜன்னல் திரையில் குத்தி வைத்துக்கொள்கிறாள். பகல் முழுக்க அதை ஒவ்வொன்றாக எடுத்துப் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிறாள். தீர்ந்துவிட்டால் அன்றைக்குக் கடை முடிந்தது. அந்த ஊசிகளை நான் தினமும் பார்த்திருக்கிறேன். தையல்காரர்கள் வழக்கமே அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறேன். ஒரு தடவை திரையை இழுத்தபோது கையில் குத்தி, "இத ஏன் இங்க வைக்கிற" என்று நான்தான் கத்தியிருக்கிறேன்.

வருடக் கடைசியில் கடையை மூடிவிடப் போகிறாளாம். அட்வான்ஸ் வாங்கின துணிகள் முடிந்ததும் ஒரு மிஷினை விற்றுவிடுவாள். ஒன்றை வைத்துக்கொள்வாள், கால் ஆடாததை.

இரண்டாவது கட்டத்தில் அவளே குறி போட்டாள். என்னைக் கேட்டுத்தான் போட்டாள். "போடட்டுமா?" என்றாள். "போடு" என்றேன். தையல் வருமானமும் இல்லாமல், ஐந்தில் ஒரு பங்கும் குறைந்து, கையைக் கடிக்கும். இரண்டு பேரும் உட்கார்ந்து எதை எதை விடலாம் என்று பேசினோம். கேபிள் டிவியை விட்டோம். எப்படியும் எனக்குக் கேட்பதில்லை. ஏரிக்கரை வீடு இல்லை. ஆனால் அங்கே பத்து நாள் வாடகைக்கும் அறை கொடுக்கிறார்களாம், புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. அவள்தான் பார்த்தாள். "ஜூலையில போவோம். நீங்க மீன் பிடிங்க, நான் தூங்குறேன்" என்றாள்.

திங்கட்கிழமை படிவத்தைக் கொடுத்துவிட்டேன். ஓய்வூதியப் பிரிவு அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், பயத்தில். வாங்கிப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

இன்னொன்று. நான் தீர்மானம் செய்துவிட்டேன், நீங்கள் மறுக்கக் கூடாது. ஜூலையிலிருந்து மாதம் ஒரு தொகை உங்களுக்கு அனுப்பப் போகிறேன். பெரிய தொகை இல்லை. முன்னறை வாடகைக்குச் சமமாக இருக்கும். அந்தத் தாடைகளை முதலில் வெளியே அனுப்புங்கள்.

உங்கள் தம்பி


ஜூன் 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தின் கடைசிப் பத்திவரைக்கும் எனக்கு உன்மேல் கொஞ்சம் மரியாதை வந்திருந்தது.

'நான் தீர்மானம் செய்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறாய். எந்த நான்? ஞாயிற்றுக்கிழமை அவள் எதிரில் உட்கார்ந்து பாடம் கேட்டவன், வெள்ளிக்கிழமை அவளைக் கேட்காமல் குடும்பத்தின் பணத்தை எனக்கு எழுதி வைக்கிறாய். கேபிள் டிவியை விட்டுச் சமாளிக்கிற வீட்டில், கண் தெரியாமல் கடையை மூடப்போகிறவள் பங்கிலிருந்து எடுத்து, அவளுக்குத் தெரியாமல், அக்காவுக்குத் தானம். இதையும் கதவைத் திறந்து காட்டி அவளுக்கு ஆச்சரியம் கொடுக்கப் போகிறாயா? உன்னை என்ன செய்வது என்றே தெரியவில்லை. உன் மண்டையில் அந்த எட்டு மோட்டாரையும் ஒன்றாக ஓடவிட்டாலும் ஏறாது.

அவள் என்னைப் பற்றிச் சொன்னது சரி. முதல் கடிதத்திலேயே அவள் தையல் கடையை அவளுக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்து எழுதினேன். அவள் தைத்துக்கொண்டே இருப்பாள் என்பது எனக்கு ஏன் அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது என்று இந்த நாலு நாளாக யோசிக்கிறேன். எழுபத்தொரு வயதில் நான் வேலை செய்கிறேன், ஆகவே எல்லோரும் செய்யலாம் என்ற எண்ணம்தான். பூதக்கண்ணாடி இல்லாமல் என்னாலும் ஒரு வரி படிக்க முடியாது. யாராவது என்னை இதைக் கேட்டிருந்தால் அவர்களைப் பிடித்துத் திட்டியிருப்பேன். அவளிடம் கண் மருத்துவரைப் பார்க்கச் சொல், ஊசி கோப்பதற்காக அல்ல. நீ கூடப் போ. அங்கே நீ பேசாதே.

தாடைகள் எங்கேயும் போகாது. அந்த மனிதர் ஒழுங்கானவர், ரசீது எழுதவும் தேறிவருகிறார். அச்சகத்து வேலையை மட்டும் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். மாலையில் கண்ணில் நீர் வழிகிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன். நீ உடனே பஸ் ஏறி வராதே.

பணத்தைப் பற்றி. முதலில் அவளிடம் கேள். கேட்கும்போது முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்ளாதே, என் கடிதங்களை எடுத்துப் படித்துக் காட்டாதே. அவள் யோசிக்க வேண்டும் என்றால் யோசிக்கட்டும். அவள் முடியாது என்றால் அதோடு விட்டுவிடு, எனக்கு அவள்மேல் ஒரு குறையும் இராது. சரி என்றால், எவ்வளவு என்று அவளே முடிவு செய்து, அவள் கையாலேயே எனக்கு இரண்டு வரி எழுதட்டும்.

வாங்கிக்கொள்கிறேன்.

உன் அக்கா